குறி பந்துமேலதான்

லென்னி ட்ஸுர்கோ எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர். அது அவருடைய பிழைப்பு. அவருடைய பதவி வேறு. இலையுதிர்கால வெள்ளிக்கிழமைகளில் பள்ளி மைதானத்தின் ஓரமாக ஆரஞ்சு நிறக் கம்பம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அந்தப் பதவி. கம்பத்தின் அடியில் பத்துக் கஜச் சங்கிலி கோத்திருக்கும். மறுமுனையில் இன்னொரு கம்பம். அதைப் பிடித்துக்கொண்டு நான். ஆட்டம் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் எங்கள் சங்கிலியின் நீளத்துக்கு முன்னேறியாகவேண்டும். முன்னேறினால் நாங்களும் நகர்வோம். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

எங்கள் ஊரான பிரென்னர்ஸ் ஃபோர்ஜில் மேயர் யார் என்று கேட்டால் ஜனங்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். சங்கிலி பிடிப்பது யார் என்று கேட்டால் யோசிக்கமாட்டார்கள். ஒருவர் செத்தால்தான் அந்தக் கம்பம் இன்னொருவர் கைக்கு வரும். லென்னிக்கு முன்னால் பிடித்திருந்தவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனார். எங்கள் ஊர்க் கணக்கில் அதுவும் மரணத்தில் ஒரு வகைதான்.

இந்தப் பதவிக்கு ஒரே ஒரு நியமம் உண்டு. வாயைத் திறக்கக் கூடாது. கைதட்டக் கூடாது, முனகக் கூடாது, நம் பையன் ஓடிப்போய்ப் புள்ளி எடுத்தால் முகம் மலரக்கூடக் கூடாது. இதில் கொடுமை என்னவென்றால், சங்கிலியை வைப்பது வெளியூர் அணி நிற்கிற பக்கத்தில். நம் பிள்ளைகளைப் பற்றி அந்த ஊர்ப் பயிற்சியாளர்கள் காதருகே கத்துவதையெல்லாம் பக்தியோடு கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும். லென்னி இதற்கென்றே பிறந்தவர். நாற்பது பிள்ளைகள் பின்னால் கூச்சலிட, முன்னால் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை.

இனி, குத்து.

எதிரணிப் பையன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தால், அவனைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவதுதான் பழைய முறை. எங்கள் பயிற்சியாளர் ரே டெடெஸ்கோ ஒருநாள் இப்படிக் கேட்டார்: "நமக்கு வேண்டியது பந்து. அப்புறம் எதுக்குடா அந்தப் பையனப் போயி கட்டிப்புடிக்கிறீங்க? அவன என்ன கல்யாணமா பண்ணிக்கப்போறீங்க?" அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகள் பந்தைக் குத்தித் தட்டிவிடப் பழகினார்கள். கீழே விழுந்த பந்து எடுத்தவனுக்குச் சொந்தம். கோல் கம்பத்தில் ஒரு பழைய பந்தைத் தொங்கவிட்டு, சாயங்காலம் முழுக்கக் குத்துவார்கள். இரண்டே பருவத்தில் எங்கள் பள்ளத்தாக்கின் ஊர்கள் முழுக்க எங்கள் முஷ்டிக்கு நடுங்கின. ரொட்டிக்கடையில் முஷ்டி வடிவ டோனட் வந்தது. பாதிரியார் பிரசங்கத்தில் 'கரங்கள்' என்ற சொல் வந்தாலே பின்வரிசையில் யாராவது விசிலடித்தார்கள்.

இந்தக் கலையில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. பந்து தனியாக ஓடிவருவதில்லை. ஒரு பையனோடு சேர்ந்துதான் வருகிறது. அதுவும் அவனுடைய விலாவை ஒட்டி. முஷ்டிக்குக் கண் கிடையாது. ஆனால் அந்த விலாக்கள் வேற்றூர் விலாக்களாக இருந்தவரை இந்தச் சிக்கலை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

பிறகு ஹால்ஸ்டன் ஊர்க்காரர்கள் கற்றுக்கொண்டார்கள்.

லென்னியின் மகன் தியோ பதினோராம் வகுப்பு. எங்கள் அணிக்குப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். அந்த வருஷம் செப்டம்பரில் ஹால்ஸ்டன் எங்கள் மைதானத்துக்கு வந்தது. தியோ பந்தோடு எங்கள் பக்கமாக ஓடிவந்தான். பிராக் ஸாவர் என்ற ஹால்ஸ்டன் பையன், குளிர்சாதனப்பெட்டிக்குக் கால் முளைத்த மாதிரி இருப்பான், குறுக்கே பாய்ந்து முஷ்டியை வீசினான். அது பந்துக்குக் கீழே போய் விலாவில் இறங்கியது. ஈரமான மரக்கிளை முறிகிற சத்தம். தியோ விழுந்தான். பந்தை விடவில்லை.

நடந்தது லென்னியின் காலடியில். பந்தில் ஒரு விரல்கூடப் படவில்லை என்பதை அவரைவிடப் பக்கத்தில் நின்று பார்த்தவர் உலகத்தில் கிடையாது. அவர் வாய் திறந்தது. நான் சங்கிலியின் மறுமுனையிலிருந்து பார்த்தேன். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

எங்கள் கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவர் பொறுமையாகக் கையை உயர்த்தினார். "குறி பந்துமேலதான். பந்தக் குத்தப் பாத்தான், தவறிப்போச்சு. சட்டத்துல தப்பில்ல."

தியோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் அவன் விழுந்த இடம் சங்கிலியைத் தாண்டியிருந்தது. நடுவர் எங்களைப் பார்த்துக் கை காட்டினார். லென்னி கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு, மகன் போன திசைக்கு முதுகைக் காட்டி, பத்துக் கஜம் நடந்தார். விலா எலும்பில் விரிசல் விழுந்தது உண்மைதான். முன்னேற்றமும் உண்மைதானே?

மறுநாள் காலை என் மனைவி கொடுத்தனுப்பிய பியரோகிக் கொழுக்கட்டைப் பாத்திரத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். லென்னியின் மனைவி ரோஸலி அடுப்படியில் விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள்.

"நீ எவ்ளோ தூரத்துல நின்ன?"

"கை எட்டற தூரம்."

"பந்துல பட்டுதா?"

"படல."

"அந்த நடுவர்கிட்ட என்ன சொன்ன?"

லென்னி காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார். "சங்கிலிக்காரங்க பேசக்கூடாது, ரோஸலி."

"ஓ. வீட்டுக்கு வெளியிலயும் அப்படித்தானா? நான் எனக்குத் தனியாக் கெடச்ச பாக்கியம்னு நெனச்சேன்." என்னைப் பார்த்தாள். "நீயும் அங்கதான நின்ன? உனக்கும் வாய் தச்சிருந்துதா?"

நான் பியரோகியை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தேன்.

"அடுத்த குத்தும் அங்கயே விழுந்தா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரு," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "அதே எலும்பு உள்பக்கமா முறிஞ்சா நுரையீரல்ல குத்துமாம். அவன நீ வீட்ல உக்கார வைக்கமாட்ட, எனக்குத் தெரியும். அவனும் உக்காரமாட்டான். அந்தக் குத்தையாவது நிறுத்து."

லென்னி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பள்ளத்தாக்கின் எட்டுப் பள்ளிகளுக்கும் ஒரு விளையாட்டுக் குழு உண்டு. பந்தைக் குத்துவதைத் தங்களுக்குள் தடை செய்துகொள்ள அவர்கள் நினைத்தால் முடியும். எங்கள் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஒரு புதன்கிழமை கூடினார்கள். லென்னி சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"பந்த எடுக்கட்டும். இழுக்கட்டும். தட்டட்டும்," என்றார். "முஷ்டிய மடக்கி வீச வேணாம். அவ்ளோதான் கேக்கறேன்."

டெடெஸ்கோ எழுந்தார். "லென்னி, உன் பையனப் பத்தி எனக்கும் கவலதான். ஆனா இது நம்ம ஊரு கண்டுபுடிச்ச வித்த. நாமளே தட பண்ணச் சொன்னா, நல்லாவா இருக்கும்?"

ஹால்ஸ்டன் பயிற்சியாளர் உடனே ஒத்துக்கொண்டார். "கரெக்ட். கத்துக்க எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பப் போயி நிறுத்தச் சொன்னா எப்படி?"

அந்த இரண்டு பேரும் எதிலாவது ஒத்துப்போய் நாங்கள் பார்த்தது அதுவே முதல் தடவை. கூடத்தில் ஒரு சமாதானக் காற்று வீசியது.

"அப்ப கை தவறி ஒடம்புல பட்டா தப்புன்னு வையுங்க," என்றார் லென்னி.

"தவறித்தான் பட்டுதுன்னு யாரு சொல்றது?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"நான் சொல்றேன். நான் பாத்தேன். பந்துல படல."

தலைவர் வருத்தத்தோடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "லென்னி, நீ சங்கிலி புடிக்கிறவன். சட்டப்படி நீ சங்கிலியத் தவிர வேற எதையும் பாக்கல."

இதற்கு லென்னி என்ன பதில் சொல்லியிருப்பாரோ தெரியாது. ஏனென்றால் அந்த நேரத்தில் கதவு திறந்து பிங்கோ விளையாடும் பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். புதன்கிழமை ஏழு மணிக்குக் கூடம் அவர்களுடையது. அதை மாற்ற எந்த அரசாங்கத்தாலும் முடியாது. குழுவுக்கு எதிரிலேயே ஒருத்தி நாற்காலிகளை இழுத்துப் போட ஆரம்பித்தாள். "பேசி முடிச்சாச்சா, இன்னும் இருக்கா? கோட்டக் கழட்டி வைக்கணும்." தலைவர் எழுந்தார். வாக்கெடுப்பு வசந்தகாலத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கால்பந்துப் பருவம் முடிந்தபிறகு என்று அதற்குப் பொருள்.

பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மறுபடி ஹால்ஸ்டன். ஜெயித்தால் மாவட்டப் போட்டி. விலாக் கவசம் கட்டிக்கொண்டால் ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே. ரோஸலி மகனிடம் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். தியோ ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணும் ஆகாதும்மா."

"அன்னிக்கும் அதத்தான் சொன்ன."

வாசலில் நின்ற தகப்பனிடம் அவன் சொன்னது ஒன்றுதான். "அப்பா, நீ வழக்கம்போல இரு. அது போதும்."

ரோஸலி அன்றைக்குக் கூட்டத்தில் உட்காரவில்லை. பள்ளிச் சமையலறை ஜன்னல் வழியாக, ஹாட் டாக் ரொட்டிகளைப் பிளந்துகொண்டே பார்த்தாள்.

ஆட்டம் கடைசிவரை இழுத்தது. நாங்கள் மூன்று புள்ளி முன்னிலை. பந்து எங்களிடம். இன்னும் ஒரே ஒரு தடவை சங்கிலி நகர்ந்தால், பந்து எங்களிடமே இருக்க நேரம் முடிந்துவிடும். பந்து தியோவிடம் வந்தது. அவன் திரும்பினான், உள்ளே வழியில்லை, ஓரத்துக்கு ஓடிவந்தான். எங்கள் பக்கம்தான். ஆட்டக்காரர்கள் ஓரத்துக்கு வந்தால் நாங்கள் கம்பத்தைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் விலகவேண்டும். நான் போட்டேன், விலகினேன். லென்னி அசையவில்லை. பிராக் ஸாவர் பின்னாலிருந்து வருவதை அவர் பார்த்துவிட்டார். முஷ்டி பின்னுக்குப் போவதையும்.

"தியோ! விலா! விலா!"

அவர் குரல் அப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பேருந்துக்குள்கூட யாரும் கேட்டதில்லை. தியோவும் கேட்டதில்லை, அதனால் அவன் திரும்பினான். அந்த மைதானத்தில் எங்கிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் திரும்பாமல் ஓடப் பழகியவன், பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தன் அப்பா கத்துவதைக் கேட்டு, யார் என்று பார்த்தான். கை தானாக இறங்கி விலாவை மூடியது. பந்து அநாதையாக வெளியே தெரிந்தது. குத்து விழுந்தது.

சுத்தமான குத்து. பந்தைத் தவிர வேறெதிலும் படவில்லை. பந்து துள்ளி உருண்டது. அதன்மேல் ஹால்ஸ்டன்காரர்கள் குவிந்தார்கள்.

நடுவர் மெதுவாக எங்களிடம் வந்தார். "கத்தினது நீயா?"

"ஆமா."

அவர் நெடுநேரம் லென்னியைப் பார்த்தார். ஒருவேளை இரக்கமாகவும் இருக்கலாம். எங்கள் கூட்டம், இந்தத் தடவை குறியே உடம்புமேல்தான், பந்து எங்களுக்கே என்று கூவிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் எந்த நடுவரும் கேட்காத ஒன்றை அவர் கேட்டார்: "நீதான் பக்கத்துல நின்ன. பந்துல பட்டுதா?"

ஊரே லென்னியின் வாயைப் பார்த்தது. டெடெஸ்கோ மைதானத்துக்கு மறுபக்கத்திலிருந்து பார்த்தார். நானும் பார்த்தேன், ஒரு பொய் சொன்னால் தேவலை என்று நினைத்ததை இங்கே மறைக்கப்போவதில்லை.

"பட்டுது," என்றார் லென்னி. "பந்துலதான் பட்டுது."

மிச்ச நேரத்தில் ஹால்ஸ்டன் புள்ளி எடுத்து முந்தியது. தோற்றோம். தியோ முழு விலாவோடு வீட்டுக்கு வந்தான். ரோஸலி அவனைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, கணவருக்கு முட்டைக்கோசும் நூடுல்ஸும் போட்ட ஹாலுஷ்கியை வெண்ணெய் மிதக்க வைத்துக் கொடுத்தாள். வேறு யாரும் அவருக்கு எதுவும் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை பேருந்தில் பிள்ளைகள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு வந்தார்கள். அவர் எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்ட அமைதி அது. நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்குள் கம்பம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. லென்னி சாகவுமில்லை, ஃப்ளோரிடாவுக்குப் போகவுமில்லை. எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் இதற்கு முன்மாதிரி கிடையாது.

வசந்தகாலத்தில் குழு மறுபடி கூடியது. தடையைப் பற்றிப் பேச எழுந்த லென்னியைத் தலைவர் பாதியில் நிறுத்தினார். "லென்னி, தப்பா எடுத்துக்காத. இந்த விஷயத்துல நீ நியாயமா யோசிக்கற நெலமையில இல்ல. உன் பையன் கையிலேர்ந்து பந்து போனதுக்காகச் சட்டத்த மாத்த முடியுமா?" அன்றைக்குப் பிங்கோ பெண்கள் வரும் முன்பே கூட்டம் முடிந்தது.

டெடெஸ்கோ மனிதாபிமானம் உள்ளவர். தியோவை இனி ஓடவிடுவது ஆபத்து என்று முடிவு செய்தார். "விலா வீக்கு. ஆனா தோள் இருக்கு, கை இருக்கு," என்று அவனைத் தடுப்பாட்டத்துக்கு மாற்றினார். அவன் இனிப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைக் குத்தினால் போதும். ரோஸலி அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டாள். நிம்மதியா வேறெதுவுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜூலை மாதம் ஒரு சாயங்காலம். வேலிக்கு இந்தப் பக்கம் நான் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம், புல்தரையில், லென்னி அக்குளில் பந்தை இடுக்கிக்கொண்டு நின்றார்.

"நடந்து வா அப்பா. சும்மா வா. ஆனா பந்த விட்டுடாத."

லென்னி நடந்தார். தியோ பக்கவாட்டில் பாய்ந்தான். பந்து பறந்து என் தக்காளிக்குள் விழுந்தது. எடுத்துப் போட்டேன். மறுபடி நடந்தார், மறுபடி பறந்தது. பையனுக்குக் கை நன்றாகத்தான் பழகியிருந்தது.

மூன்றாவது தடவை பந்து பறக்கவில்லை. லென்னி மடங்கி, ஒரு முழங்காலைப் புல்லில் ஊன்றி உட்கார்ந்தார்.

"ஐயோ, ஸாரிப்பா! குறி பந்துமேலதான் வச்சேன். சத்தியமா."

சமையலறை ஜன்னல் திறந்தது. "லென்னி! என்ன சத்தம்?"

அவர் வாயைத் திறந்தார். எனக்கு அந்தத் திறப்பு பழக்கமானது. காற்று உள்ளே போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. மகனைப் பார்த்தார், அவன் முஷ்டியை இன்னும் பிரிக்காமல், பயந்துபோய் நின்றான்.

"ஒண்ணுமில்ல, ரோஸலி," என்றார். "சட்டப்படி சரியாத்தான் இருக்கு."

பிறகு எழுந்து, பந்தை மறுபக்கத்து அக்குளுக்கு மாற்றிக்கொண்டு, நடக்க ஆரம்பித்தார்.