கண்ணாடிக் கூரை ஊரும் என் குணுக்கும்

எனக்கு எண்பத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது ஐந்து. மற்ற இரண்டும் கொழுந்தனார் பிள்ளைகள், ஆனால் சோறு ஒரே பானைதான். பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்பு வரை போனேன். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயர் வாசிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள்.

மூத்தவன் எனக்குக் காது மிஷின் வாங்கி வந்து மாட்டிவிட்டான். அதை நான் அடிக்கடி கழற்றி வைத்துவிடுகிறேன் என்று வீட்டில் எல்லோருக்கும் குறை. "ஏன் அம்மாச்சி கழட்டுறீங்க?" என்று பேத்தி கேட்டாள். பதில் கொஞ்சம் நீளம். உட்கார்ந்து எழுது என்றேன்.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, நாகமலையைத் தாண்டி. மானாவாரிக் காடு. கடலையும் சோளமும் விளையும். அந்தப் பக்கம் அப்போதெல்லாம் பெண்பிள்ளை பிறந்தால் காது வளர்ப்பார்கள். பிள்ளை நடந்து பழகும் முன்பே காது குத்துகிறவன் வந்து கத்தியால் கீறிவிடுவான். துளையில் பஞ்சு வைப்பார்கள். பஞ்சு போய் ஓலைச் சுருள் வரும். சுருள் தடிக்கத் தடிக்கத் துளையும் பெரிதாகும். அப்புறம் குணுக்கு. ஈயத்தில் உருட்டிய கனத்த வளையம் அது. இரவும் பகலும் தொங்கிக் காதுச் சோணையை இழுத்துக்கொண்டே இருக்கும். காது தோளைத் தொடும்போது ஈயத்தைக் கழற்றிவிட்டுத் தங்கத் தண்டட்டி போடுவார்கள். தண்டட்டி தொங்காத காதுக்கு எங்கள் ஊரில் மூளிக்காது என்று பெயர்.

என் காதுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, தன் மகனுக்கு என்னைக் கட்டுவதாகப் பேசி வைத்திருந்தாள். அதற்கு நாள் குறிக்கவில்லை, காதைக் குறித்திருந்தாள். சந்தைக்கு வரும்போதெல்லாம் வீட்டுக்கு வந்து, என்னை நிற்கவைத்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்ப்பாள்.

"இன்னும் ரெண்டு விரக்கடை கெடக்குண்ணே. தொட்டுருச்சுன்னா தாலியக் கட்டிருவோம்."

அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே தலையாட்டுவார். அத்தை மகன் கெட்டவன் இல்லை. மாட்டோடு மட்டும்தான் பேசுவான், அவ்வளவுதான். நானும் கல்யாணம் வேண்டாம் என்று அழுதவள் இல்லை. என்னை யாரும் கேட்காததால் வேண்டுமா வேண்டாமா என்று நானும் யோசிக்கவில்லை. ஆனால் அத்தையின் விரல் கழுத்தில் படும்போது, சந்தையில் வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிற கன்றுக்குட்டி ஞாபகம் வரும்.

அப்போது யுத்த காலம். அந்த வருஷம்தான் என் அண்ணன் கல்யாணம் நடந்தது. மதினி மதுரை டவுன்காரி. எட்டாவது வரை படித்தவள். காதில் கடுகளவு ஓட்டை, அதில் கல் தோடு. அப்பாவைப் பெற்ற அப்பத்தா அவளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணம்தான். காதுதான் ஆம்பளக் காது" என்றாள். மதினி சிரித்தாள். அதுவே அப்பத்தாவுக்குப் பிடிக்கவில்லை.

மதினி தகரப்பெட்டியில் சேலைக்கு அடியில் ஒரு நாவல் கொண்டுவந்திருந்தாள். அட்டை போயிருந்தது. அட்டையோடு பெயரும் போயிருந்தது. ஆனி மாதம் விதைக்கடலை உடைக்கும்போது அதை வாசிக்கிறேன் என்றாள். அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை.

"பாட்டுப் பாடுனா வாய் கடலை திங்காது. கதை கேட்டா வாய் சும்மாதானடி இருக்கும்?"

"வாசிக்கிற நான் திங்க மாட்டேன்ல அப்பத்தா?"

அப்பத்தா யோசித்தாள். டவுன்காரி ஒருத்தியின் வாயாவது அடைபடும் என்று விட்டுவிட்டாள்.

கதை இனிமேல் வரப்போகிற ஒரு காலத்தில் நடந்தது. ஒரு பெரிய ஊர், ஊர் முழுக்கக் கண்ணாடிக் கூரை. வெயில் கிடையாது, மழை கிடையாது. பிள்ளை பிறந்ததும் காதில் பித்தளை வளையம் பூட்டிவிடுவார்கள். ஊர் நடுவில் ஒரு கோபுரம். கோபுரத்தில் இருக்கிறவன் பேசுவது வளையத்துக்குள் கேட்கும். எழு என்றால் எழ வேண்டும், தின் என்றால் தின்ன வேண்டும். இன்னாரைக் கட்டிக்கொள் என்றால் அதுவும்தான். வயசானவர்களுக்கு அது பழகிப்போனது. இளவட்டங்களுக்குப் பொறுக்கவில்லை.

மதினி வாசிக்க வாசிக்க அங்கங்கே நிறுத்த வேண்டியிருந்தது.

"கண்ணாடிக் கூரைன்னா கோழி எங்கிட்டு அடையும்?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"கோழி இல்ல அத்த. அங்க மாத்திரைதான் சாப்பாடு."

"அடப் பாவமே. மாமியா இல்லாத ஊரு போல" என்றாள் அம்மா. அப்பத்தா பக்கத்தில்தான் இருந்தாள்.

அப்பத்தாவின் சந்தேகம் வேறு. "வளையத்துக்குள்ள எப்படி ஆத்தா பேச்சு வரும்?"

"டவுன்ல பார்க்குல ரேடியோப் பெட்டி வச்சிருக்காங்க அப்பத்தா. மெட்ராஸ்ல பாடுறது இங்க கேக்கும். அது மாதிரிதான்."

அப்பத்தா கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தாள். தன் தண்டட்டியை மெல்லத் தூக்கிக் காதோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். பிறகு இறக்கிவிட்டு, "நம்மளதுல வரல" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கடலை உடைத்த அத்தனை பேரும் அந்த வளையத்தைத் தண்டட்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். வேறு எந்த ஊரில் காதில் வளையத்தைப் பூட்டி யாரைக் கட்டிக்கொள்வது என்று சொல்வார்கள்? எழுதினவர் நம் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும், உசிலம்பட்டிப் பக்கமாக இருக்கலாம், ஊரைச் சொன்னால் வம்பு என்று கண்ணாடிக் கூரை போட்டுவிட்டார் என்று பேசிக்கொண்டோம்.

கதையில் ஒரு பெண் வளையத்தை உடைத்துக் கழற்றுகிறாள். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் தன் மூச்சு கேட்கிறது. அவளைப் பார்த்து இளவட்டம் எல்லாம் கழற்றிக் கொண்டுபோய்க் கோபுர வாசலில் குவிக்கிறார்கள். அந்த இடத்தை மதினி வாசித்த மறுநாள் காலையில் நானும் என்னைவிட ஒரு வயது சின்னவளான சித்தப்பா மகளும் எங்கள் குணுக்குகளைக் கழற்றினோம். எங்கள் வீட்டில் கோபுரம் இல்லை. அப்பத்தா உட்காருகிற உரல் இருந்தது. அதன்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம்.

அப்பத்தா வந்தாள். உரலைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"நாங்க இனிமே போட மாட்டோம்" என்றேன்.

"சரி, போடாத. காதுல கெடக்கிற ஓட்டை எங்கிட்டுப் போகும்?"

அது கதையில் இல்லை. அந்த ஊரில் வளையம் கழன்றதும் காது நல்ல காது. என் காது இரண்டும் கனம் போன தூளி மாதிரி தொங்கின. ஓடினால் கன்னத்தில் அடித்தன. சித்தப்பா மகள் அன்று மத்தியானச் சோறு வரைக்கும் தாக்குப்பிடித்தாள். பிறகு எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் மாட்டவில்லை. என்னுடையதை அப்பத்தா எடுத்துச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். அடிக்கவில்லை. "அத்தைக்காரி வரட்டும்" என்றாள். அதற்கு அடித்திருக்கலாம்.

அடுத்த சந்தைக்கு அத்தை வந்தாள். விரலை நீட்டிக்கொண்டே வந்தவள், பாதியில் நின்றாள்.

"எங்கடி குணுக்கு?"

"கழட்டிட்டேன் அத்த."

"யாரு கழட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதுக்குத்தான் கழட்டுனேன்."

எனக்கு அப்போது பதிமூன்று வயது. இப்போதும் அதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை.

அத்தை நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, இந்த மூளிக்காதிய எம்மகனுக்குக் கட்டிட்டு நான் ஊருக்குள்ள எப்படித் தல நிமிந்து நடப்பேன்? எல்லாம் எட்டாப்புப் படிச்ச மகராசி வந்த நேரம்!"

"நான் கதைதான் வாசிச்சேன் சின்னம்மா" என்றாள் மதினி.

"காதை அறுக்கிற கதை! மொதல்ல அதைக் கொண்டா. அடுப்புல வைப்போம்."

அப்பா மதினியிடம் திரும்பினார். "அந்தப் பொஸ்தகத்துல, கழட்டுனதுக்கப்புறம் கல்யாணமெல்லாம் எப்படி நடந்துச்சு தாயி?"

"அதை எழுதல மாமா. அவுகவுக இஷ்டம் போல."

"பந்தல் செலவு மிச்சம்" என்றார் அப்பா. அவர் கேலி செய்கிறாரா, யோசிக்கிறாரா என்று அவர் முகத்தில் ஒருநாளும் தெரியாது.

புத்தகத்தை அடுப்பில் வைக்கக் கூடாது என்று சொன்னது அப்பத்தாதான். "முடிவு தெரியாம எரிக்கப்படாது. அம்புட்டுப் பேரும் வளையத்தக் குவிச்சிட்டு நிக்கிறாக. என்ன ஆனாகன்னு தெரிய வேணாமா? வாசி ஆத்தா. கேட்டுட்டு எரிப்போம்."

அத்தையும் எழுந்து போகவில்லை. சும்மா உட்காரத் தெரியாதவள் என்பதால் முறத்தை இழுத்துக் கடலையும் உடைத்தாள்.

கோபுரத்துக்காரனை இறக்கிவிட்டார்கள். இளவட்டத்தில் ஒருவன் மேலே ஏறி உட்கார்ந்தான். நல்லவன். கொஞ்ச நாளில் அவன் சின்னதாக, லேசாக, அழகாக ஒரு வளையம் செய்தான். ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்காக மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள் என்றான். எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். முதலில் கழற்றினாளே, அந்தப் பெண் மட்டும் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கூரைக்கு வெளியே நடந்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அத்தோடு முடிந்தது.

அத்தை முறத்தைத் தள்ளி வைத்தாள். அப்புறம் அத்தை என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. முதல்முறையாகக் காதைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள்.

"இவளும் அவளாட்டந்தாண்ணே. ஒருக்கா கழட்டுனவ. நாளைக்கு நான் எதச் சொன்னாலும் கையில வாங்கிப் பாத்துட்டுத் திருப்பித்தான் குடுப்பா. எனக்கு ஒத்து வராது. சின்னவளப் பேசுவோம்."

சித்தப்பா மகள் குணுக்கைக் கையால் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவளுக்கு அத்தை மகனைப் பிடிக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மத்தியானச் சோற்றோடு அவள் ஏன் குணுக்கை மாட்டிக்கொண்டாள் என்பதும் தெரிந்தது.

புத்தகத்தை யாரும் எரிக்கவில்லை. அத்தை போகும்போது அப்பத்தாவின் தண்டட்டியும் சின்னவளுக்கே என்று பேசி முடித்துவிட்டுத்தான் போனாள்.

அப்பா என்னை மதுரைக்கு அழைத்துப் போனார். டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் வளர்த்த காதை அறுத்துத் தைக்கிறார்கள் என்று மதினி சொல்லியிருந்தாள். பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரிப்புகையில் ஓடிய காலம். நாகமலை ஏற்றத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளும்போது என் காதுகள் ஆடியதைப் பார்த்துப் பக்கத்தில் தள்ளினவர் சிரித்தார். அப்பா அவரைப் பார்த்து, "சிரிச்சுக்கங்க. திரும்பி வாரப்ப இருக்காது" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காதைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, போடப் பிடிக்கலையா?"

"பிடிக்கிறதான்னு யாரும் கேக்கல."

"வலிக்கும்."

"வளக்கும்போதும் வலிச்சுச்சு."

தொங்கிய சதையை வெட்டி, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். இரண்டு பக்கமும் பஞ்சு வைத்துக் கட்டியிருந்ததால் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஓடியது, ஜனங்கள் வாயை அசைத்தார்கள். அப்புறம் என் மூச்சு கேட்டது. கதையில் எழுதியிருந்தது சரிதான்.

கட்டுப் பிரித்த அன்று அப்பத்தா கூப்பிட்டு உட்காரவைத்து, தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மூளி" என்றாள். பிறகு, "லேசா இருக்கா?" என்றாள்.

"லேசாத்தான் இருக்கு."

அப்பத்தா தன் தண்டட்டியை இரண்டு உள்ளங்கையிலும் கொஞ்ச நேரம் தாங்கி வைத்திருந்தாள். எனக்கு வேலை இருந்தது, எழுந்து போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் என்னைக் கேட்டு யாரும் வரவில்லை. அப்புறம் பெண் பார்க்க வந்தவரைக் கதவுக்குப் பின்னால் நின்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். உங்கள் தாத்தாவுக்கு இது தெரியும்.

ஆகவே மிஷின் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மூத்தவன் நல்ல பிள்ளை, நல்லதுக்குத்தான் வாங்கினான். மாட்டுகிறபோது மாட்டுவேன், கழற்றுகிறபோது கழற்றுவேன். கழற்றியிருக்கும்போது கத்த வேண்டாம், கொஞ்சம் பொறுத்து வரலாம்.

இம்புட்டுத்தான். எழுதிட்டியா? மூளின்னு நான் சொன்ன எடத்துல நீயா வேற நல்ல வார்த்தை போட்டிருந்தா அடிச்சிரு. இரு, மிஷின மாட்டிக்கிறேன். ம், இப்ப மொதல்லருந்து வாசி கண்ணு.