பூங்காவில் இருந்த ஏழு

நடந்தது இதுதான்.

1. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு முடிகிற நேரம் எங்கள் நகரசபையிடம் கொஞ்சப் பணம் மிஞ்சிக் கிடந்தது. டிசம்பர் முடியுமுன் எதற்காவது ஒதுக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும்.
2. பஸ் நிலையச் சந்தியில் வர்ண விளக்குகளோடு ஒரு நீர்த்தாரை கட்டலாம் என்று அநேகமாக எல்லா உறுப்பினர்களும் முடிவு செய்திருந்தார்கள்.
3. என் மாமா மட்டும் அந்தப் பணத்தில் சிறுவர் பூங்காவைத் திருத்தவேண்டும் என்றார்.
4. பூங்காவில் என்ன இருக்கிறது என்று சபையில் எவருக்கும் சரியாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. ஏழு இலக்கம் போட்டு எழுதிக் கொடுத்தேன்.
5. மாமா அதைக் கூட்டத்தில் வாசித்தார். ஆறு வரைக்கும்தான் வாசித்தார்.
6. நான் எழுந்து நின்று, ஒன்று விடுபட்டுவிட்டது என்றேன்.

அப்போது எனக்குப் பத்து வயது.

மாமா அம்மாவின் அண்ணன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் ரயர் ஒட்டும் கடை வைத்திருந்தார். அந்த வருட நகரசபைத் தேர்தலில் ஒரு கட்சிக்குப் பட்டியலில் ஒரு பெயர் குறைந்தது. கடைக்கு வந்த யாரோ கேட்க, கையில் ரியூப்பைப் பிடித்தபடி மாமா ஓம், நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார். காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் பட்டியலில் அவருடைய இலக்கத்துக்கு விருப்புவாக்குப் போட்டிருக்கவேண்டும். வென்றுவிட்டார். அவரைவிட ஆச்சரியப்பட்டவர் வேறு எவருமில்லை.

வென்ற பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. பகலில் எரியும் தெருவிளக்குகளை எண்ணி அணைப்பித்தார். பூட்டித் திறப்பு தொலைந்த பொதுக் கழிவறைகளை எண்ணினார். ஒருநாள் அம்மா சொன்னார்:

"அண்ணை, ஊருக்கெல்லாம் லைற் நூத்துக்கொண்டு திரியிறீங்கள். உங்கட கடை லைற் விடிஞ்ச நேரம் தொட்டு எரியுது."

மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனார்.

பூங்காவுக்கு வருகிறேன். அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூட மைதானம் முழுக்கக் கூடாரங்கள் இருந்தன. போரில் வீடிழந்து வடக்குப் பக்கத்தில் இருந்து வந்த சனம் அங்கே தங்கியிருந்தது. எங்களுக்கு வகுப்பே முறைவைத்துத்தான் நடந்தது. விளையாட வேறு இடம் இல்லாததால் பின்னேரங்களில் நாங்கள் பூங்காவுக்குப் போனோம். பெரியவர்கள் எவரும் அங்கே வருவதில்லை. வைத்திருக்கவும் முடியாத, எறியவும் முடியாத பொருள்களை நகரசபை கொண்டுவந்து போடும் இடமாக அது மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. என்னைக் கேட்டால், அதைவிட நல்ல பூங்காவை நான் இன்றைக்கும் கண்டதில்லை.

நவம்பர் மாத மழை ஓய்ந்த ஒரு நாள், மாமா எங்கள் குசினி வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, உந்தச் சிறுவர் பாக்கில என்னென்ன கிடக்கு? நகரசபைக் கந்தோரில கேட்டால் எழுத்தில கேளுங்கோ எண்டுகினம். எழுத்தில கேட்டால் பாத்துச் சொல்லுறம் எண்டுகினம்."

"சொல்லட்டோ, எழுதட்டோ மாமா?"

"எழுது. நம்பர் போட்டு எழுது."

"அவளிட்டயோ குடுக்கிறீங்கள்?" என்றார் அம்மா. "கல்லு மண்ணையும் எண்ணி எழுதுவாள்."

அம்மா சொன்னதில் பிழையில்லை. புத்தகப் பைக்குள் இருப்பவை, அலுமாரிக்குள் இருப்பவை, எனக்குப் பிடிக்காத மரக்கறிகள் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் பட்டியல் இருந்தது. அடுத்த நாள் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து இப்படி எழுதினேன்:

பூங்காவில் உள்ளவை
1. திறந்துவைத்தவர் பெயர் வெட்டின கல் – 4. படலைக் கதவுக்குப் பெயின்ற் அடிக்கிற ஒவ்வொரு முறையும் ஒன்று வைத்திருக்கிறார்கள்.
2. ஊஞ்சல் – 3. பலகையும் சங்கிலியும் இல்லை. மேல் கம்பியில் தொங்கலாம்.
3. சறுக்கு – 1. நடுவில் ஓட்டை. ஓட்டைக்கு முன்னம் நிற்கத் தெரியவேண்டும்.
4. தண்ணீர் ஏற்றுகிற பவுசர் லொறி – 1. தண்ணீர் இல்லை. உள்ளே போய்ப் பாடினால் நன்றாகக் கேட்கும்.
5. தெருவிளக்குத் தூண் – 11. புதியவை. நிலத்தில் கிடக்கின்றன. மேலே நடந்து பழகலாம்.
6. ரோட்டுப் போடுகிற றோலர் – 1. ஓடாது. சில்லுக்குள்ளால் வேப்பமரம் வளர்ந்திருக்கிறது. ஒரே நேரத்தில் ஒன்பது பேர் ஏறலாம்.
7. றோலர் ஐயா – 1. காலையில் கந்தோரில் கையெழுத்து வைத்துவிட்டு வருவார். றோலரில் ஏறி நித்திரை கொள்ளுவார். நான்கு மணிக்கு வீட்டுக்குப் போவார். எங்களை ஏசிப் பேசமாட்டார்.

றோலர் ஐயா அந்த றோலரை ஓட்டியவர். அது பழுதானபோது ஒரு உதிரிப் பாகம் வேண்டுமென்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாராம். பாகம் வரவில்லை. போகச் சொல்லியும் எவரும் சொல்லவில்லை. ஆகவே அவர் தினமும் வந்தார். நாங்கள் றோலரைப் பஸ் ஆக்கி, "கனகராயன்குளம்! கனகராயன்குளம்!" என்று கூவும்போது கண்ணைத் திறவாமலே, "என்னையும் அங்கை இறக்கிவிடு பிள்ளை, ரிக்கற் எடுக்கிறன்" என்பார். அதுதான் அவருடைய ஊர். இடம்பெயர்ந்து பட்டினத்துக்கு வந்தவர். கச்சான் கடலை வாங்கினால் எங்களுக்கும் தருவார்.

மாமா என் பட்டியலைக் கடையில் நின்று வாசித்தார். ஆறு வரை சிரித்துச் சிரித்து வாசித்தார். ஏழுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"இதை வேற ஆருக்கும் காட்டினனியோ?"

"இல்லை மாமா."

"காட்டாதை."

அவ்வளவு திறமான பட்டியல் போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் கூட்டம் பள்ளி விடுமுறையில் வந்தது. அம்மாவுக்கு வேலை. என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மாமா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். படியேறும்போது, "வாய் திறக்கப்படாது, விளங்குதோ?" என்றார். மண்டபத்தின் பின் மூலையில், தேநீர் ஊற்றும் அக்காவின் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை கிடைத்தது. மேசையில் ஒரு தட்டு நிறையக் கிழங்கு வைத்துப் பொரித்த சூடான பற்றிஸ் இருந்தது. கூட்டம் என்பது நல்ல விடயம் என்று எனக்குப் பட்டது.

வெள்ளைச் சேட்டுப் போட்ட ஓர் உறுப்பினர் நீர்த்தாரையைப் பற்றிப் பேசினார். அது சிவப்பாகவும் பச்சையாகவும் மாறுமாம்.

"வெளியில இருந்து எத்தினை ஆக்கள் வருகினம். பஸ்ஸால இறங்கினவுடனை கண்ணுக்கு ஒரு வடிவு வேணாமோ?"

மாமா எழுந்தார். "தண்ணி எங்கையிருந்து வரும்?"

"பவுசரில கொண்டுவந்து விடலாம்."

"எந்தப் பவுசர்? ஒண்டு பாக்கில கிடக்கு. அதுக்குள்ள நிண்டு பிள்ளையள் பாட்டுப் படிக்குதுகள்."

சிரிப்பு எழுந்தது. அதே சூட்டில் மாமா சட்டைப் பையில் இருந்து என் தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். நான்கு கற்களுக்குச் சிலர் சிரித்தார்கள், அந்தக் கற்களில் பெயர் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. பதினொரு தூண்களுக்கு, சபையை நடத்தும் தவிசாளர் கந்தோர்ச் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். றோலரை வாசித்துவிட்டு மாமா தலையை நிமிர்த்தினார்.

"போன மாதமும் வெளியில ஒரு றோலருக்கு வாடகை குடுத்தம். எங்கட றோலரில வேம்பு வளருது."

துணிக்கடை வைத்திருந்த ஓர் உறுப்பினர், முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வதுபோல எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர், மேசையில் தட்டி, "பிள்ளையளுக்கு விளையாட ஒரு இடம் வேணும். நான் மாமாவோட நிக்கிறன்" என்றார். என் மாமாவை அவரும் ஏன் மாமா என்கிறார் என்று யோசித்தேன். பின்புதான் தெரிந்தது, சபையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கேலியாகக் கூப்பிடுவார்களாம். பூங்கா, பிள்ளைகள் என்று எப்போதும் பேசியதால் வந்த பெயர்.

ஆனால் வெள்ளைச் சேட்டுக்காரர் விடவில்லை.

"சரி, திருத்துறம் எண்டு வைப்பம். ஆர் பாக்கிறது? ரெண்டு கிழமையில சங்கிலியைக் கழட்டிக்கொண்டு போயிடுவாங்கள். புது ஆள் எடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. காசைக் குப்பையில கொட்டுறதை விட நீர்த்தாரை மேல்."

பலர் தலையாட்டினார்கள். நானா கூட மேசையில் இருந்து கையை எடுத்துவிட்டார். மாமா தாளைப் பார்த்தபடி நின்றார். பூங்கா கைவிட்டுப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. இன்னும் ஒரு இலக்கம் மிச்சம் இருக்கிறதே, அதை ஏன் வாசிக்கிறார் இல்லை என்று நான் காத்திருந்தேன். மாமா வாசிக்கவில்லை. தாளை மடித்தார்.

ஒரு பட்டியலை முடிக்காமல் மடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மாமா, ஏழாவதை விட்டிட்டீங்கள்!"

எல்லாத் தலைகளும் திரும்பின.

"ஆர் இந்தப் பிள்ளை?" என்றார் தவிசாளர்.

"என்ர மருமகள். எழுதினவ அவதான்."

"அப்ப எழுதினவவே சொல்லட்டும். என்ன பிள்ளை ஏழாவது?"

"றோலர் ஐயா," என்றேன். மிச்சத்தைச் சொல்ல மூச்சை இழுத்தேன்.

அதற்குள் மாமா தாளைத் திரும்ப விரித்துவிட்டார். "நான் வாசிக்கிறன், தவிசாளர். கண்ணாடி போடாததால விடுபட்டிட்டுது. ஏழு. றோலர் ஓட்டினவர் பாக்கைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். காலமை வாறார், நாலு மணிக்குப் போறார். பிள்ளையளில நல்ல கண்."

மாமாவிடம் கண்ணாடியே கிடையாது.

செயலாளர் பேனாவை வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமாவும் அவரைப் பார்த்தார். பிறகு செயலாளர் சொன்னார்:

"ஓம் தவிசாளர். அவர் அங்கைதான் நிக்கிறவர்."

"காவலாளியாயோ?"

"இண்டைக்குக் கூட்டக் குறிப்பில எழுதினால், காவலாளிதான்."

இதில் ஒன்றுகூட நான் எழுதியது இல்லை. நித்திரை எங்கே? திருத்துவதற்கு மறுபடி வாயைத் திறந்தேன். தேநீர் அக்கா அந்த வாய்க்குள் ஒரு பற்றிஸை வைத்துவிட்டார். "முதல் இதைச் சாப்பிடுங்கோ பிள்ளை." அது நல்ல சூடு. நான் விழுங்கி முடித்தபோது கைகள் உயர்ந்து, எண்ணி, இறங்கிவிட்டிருந்தன. பூங்காவுக்கு ஒரு கை கூடுதலாகக் கிடைத்தது.

வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிள் பாரில் இருந்து சொன்னேன்:

"நான் அப்பிடி எழுதேல்லை மாமா. நித்திரை கொள்ளுவார் எண்டெல்லோ எழுதினனான்."

"உன்ர எழுத்து நல்ல சின்னன் பிள்ளை. வாசிக்கக் கஷ்டமாக் கிடந்தது."

நான் அதை நம்பினேன். அந்த விடுமுறை முழுவதும் இரட்டைக்கோட்டுக் கொப்பியில் பெரிய எழுத்து எழுதிப் பழகினேன். என் கையெழுத்து இன்றைக்கும் பெரியது.

மார்ச் மாதம் பூங்கா திறந்தது. ஊஞ்சல்களுக்குச் சங்கிலி வந்தது, சறுக்கின் ஓட்டை அடைபட்டது. பவுசரையும் தூண்களையும் கொண்டுபோய்விட்டார்கள். றோலரைத் தூக்குவதற்கு ஆகும் செலவில் இன்னொரு சறுக்கு வாங்கலாம் என்று மாமா சொன்னதால் அது மஞ்சள் பெயின்ற் அடித்துக்கொண்டு அங்கேயே நின்றது.

றோலர் ஐயாதான் மாறிவிட்டார். அவருக்குக் காக்கிச் சேட்டும் ஒரு விசிலும் கொடுத்திருந்தார்கள். அவர் நித்திரை கொள்வதே இல்லை.

"ஏய்! ஆர் உந்த ஊஞ்சலில ரெண்டு பேர்? ஒராள் ஒராளா! இருவது ஆட்டம் முடிஞ்சுது, இறங்கு!"

எங்களை ஏசிப் பேசமாட்டார் என்று நான் எழுதியதும் பொய்யாகிப் போனது. மாமாவிடம் போய் முறையிட்டேன்.

"அவர் முந்தி நித்திரை கொள்ளேக்க எவ்வளவு நல்லவர்!"

மாமா, ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கியபடியே, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. என் பட்டியலைப் பிழையாக வாசித்தவர் சிரிக்கவும் செய்கிறார் என்று நினைத்தேன்.

மாமா ஏன் மாற்றி வாசித்தார் என்று எவரும் எனக்குப் பிறகு சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை. படித்து, தொழில்நுட்ப உத்தியோகத்தராகி, அதே கந்தோருக்கே வேலைக்கு வந்த பிறகு, பழைய வரைபடம் ஒன்றைத் தேடும்போது அந்த வருடத்துக் கடிதக் கோவையைத் திறந்தேன். அதற்குள் மேலிடத்தில் இருந்து வந்த ஒரு கடிதம் இருந்தது. ஓடாத வாகனங்களின் ஓட்டுநர்கள் எவராவது சம்பளம் பெற்றால், நிறுத்துவதற்காக அவர்களின் பெயர்களை வருட முடிவுக்குள் அனுப்பவும் என்று எழுதியிருந்தது. அதன் கீழே, அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் திகதியிட்டு, செயலாளரின் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: இல்லை.

றோலர் ஐயாவுக்கு அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு வாடகை அறை, மனைவி, மூன்று பிள்ளைகள். வீட்டில் உழைப்பவர் வேறு எவரும் இல்லை. இவை பத்து வயதில் என் பட்டியலில் இல்லாதவை. நான் எழுதியதில் ஒரு சொல் பிழையில்லை. அப்படியே வாசித்திருந்தால் பூங்கா கிடைத்திருக்காது, அவருக்கு வேலையும் இருந்திருக்காது. பகலில் எரியும் விளக்கைக்கூட விடாத மாமா, சபையில் தெரிந்தே சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இன்றைய நிலை: மாமா அடுத்த தேர்தலில் நிற்கவில்லை, கடையில் இருக்கிறார். றோலர் ஐயா காவலாளியாகவே ஓய்வுபெற்று, கனகராயன்குளத்தில் ஓய்வூதியத்துடன் இருக்கிறார். நீர்த்தாரையை வேறொரு வருடப் பணத்தில் கட்டினார்கள், விழா நாட்களில் ஓடுகிறது. பூங்கா தினமும் திறக்கிறது. ஊஞ்சல் இப்போது நான்கு, மூன்று ஆடுகின்றன, நான்காவதின் சங்கிலிக்கு இந்த மாதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.