பேசாமல் பறிக்க வேண்டிய இலை

கசக்கிய பச்சிலையின் காட்டமான வாடை இன்றைக்கும் எங்கேனும் மூக்கில் ஏறினால் எனக்குச் சோறு இறங்காது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் கொல்லைச் சுவர் காரை உதிர்ந்து நிற்கும். அதன் செங்கல் இடுக்குகளில் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், மூக்குத்தி அளவு மஞ்சள் பூவோடு தழைத்துக் கிடந்த பூண்டுக்கு "வெட்டுக்காயப் பச்சிலை" என்று பேர். பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்கள் வீட்டில் அது இல்லாமல் ஒரு வாரம் ஓடாது. "காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி, காயத்துக்குக் கொல்லைச் சுவரு" என்பார் அப்பா. பறிக்கும்போது வாய் பேசக்கூடாது, கட்டிய கட்டைத் தானாக விழும்வரை அவிழ்க்கவோ நனைக்கவோ கூடாது என்பது எல்லோரும் மதித்த சட்டம்.

ஓர் ஐப்பசி மழையில், பால்காரர் மாட்டுக்கொட்டகை ஓரம் கிடந்த துருப்பிடித்த ஆணி அப்பாவின் உள்ளங்காலில் ஆழமாக ஏறிவிட்டது. அம்மா பதறிப்போய்க் கொல்லைக்கு ஓடினாள். மழையில் நனைந்துகொண்டு பின்னாலேயே வந்த என் தம்பியை "உள்ள போடா" என்று அதட்டிக்கொண்டே இலையைக் கிள்ளினாள். சாறு பட்டதும் ரத்தம் நின்றது. சேற்றுக்காலைக் கழுவாமலே கட்டினார்கள், எல்லோருக்கும் நிம்மதி.

அடுத்த வாரம் ஒரு காலையில் பழைய சோற்றுக்கு அப்பாவின் வாய் திறக்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா, எங்கள் பெரிய அத்தை, புதுமாப்பிள்ளை போல வெட்கப்படுகிறாயே என்று கேலி செய்தாள். சாயங்காலத்துக்குள் உடம்பு வில்லாக வளைந்தது. ஆஸ்பத்திரியில் ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ் என்றார்கள், காலம் கடந்துவிட்டது என்றார்கள். அப்பா வீட்டுக்கு உயிரோடு திரும்பவில்லை.

காரியம் முடிந்த அன்று அத்தை கேட்டாள்: "பறிக்கறப்ப வாயத் தெறந்தியாடி?"

அம்மா தம்பியைப் பார்த்தாள். "ஆமாண்ணி, பேசிட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்த ஒரு கேள்விக்காக அத்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா கீரை ஆய்ந்தாலும் கறிவேப்பிலை உருவினாலும் வாய் திறந்ததில்லை. கொன்றது சாணமும் சேறும், அதைக் கழுவாமல் மூடிய கட்டு, உன் பேச்சு இல்லை என்று வளர்ந்த பிறகு எத்தனையோ முறை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள்.

"இருக்கட்டும். பேசாம பறிச்சிருக்கலாம்" என்பாள்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தச் சுவரையும் இடித்துவிட்டார்கள். இப்போதுள்ள சிமென்ட் மதிலில் ஒரு புல் நுழைய இடுக்கு கிடையாது. எல்லாம் தெரிந்த நானும், கீரை கிள்ள உட்கார்ந்தால், யார் கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை.