முள்ளம்பன்றிக் கட்சி, காட்டுப்பூனைக் கட்சி

மிருகக்காட்சி சாலையில் முள்ளம்பன்றிக்குத் தீனி வைப்பவர் அவர். அடுத்த கூண்டுக் காட்டுப்பூனைக்கு இறைச்சி வைப்பவள் அவர் மனைவி. கல்யாணமான புதிதிலிருந்தே வீட்டில் இரண்டு கட்சி. எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் கூண்டில்தான் போய் நிற்கும்.

இத்தனைக்கும் முள்ளம்பன்றி அவரைச் சட்டை செய்ததே இல்லை. கிழங்கை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் முதுகைக் காட்டி முட்களைச் சிலிர்க்கும். அதையும் சுயமரியாதை என்று வீட்டில் வந்து புகழ்வார். காட்டுப்பூனையும் அவளைப் பார்த்துச் சீறாத நாள் கிடையாது.

மகளின் கல்யாணம் பேச மாப்பிள்ளை தன் அப்பா அம்மாவோடு வந்தபோது, கூண்டைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று இருவரும் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அப்பா, பேச்சுக்காக, என்ன வேலை என்று கேட்டுத் தொலைத்தார்.

முள்ளம்பன்றி என்று இவர் சொன்னதும் வந்தவர் முகம் சுளித்தார். "பன்றியா?"

"பேருலதான் பன்றி. அது எலி இனம்ங்க."

மனைவி காபித் தட்டை மேசையில் வைத்தாள். "எலின்னா பூனைக்குச் சாப்பாடு. அவ்வளவுதான் விஷயம்."

அவருக்குச் சுருக்கென்றது. சிறுத்தைகூடக் கிட்ட வர யோசிக்கும் என்றார். பூனை மாதிரி ஓசையில்லாத நடை அதுக்கு உண்டா என்றாள் அவள். முள்ளம்பன்றி பின்பக்கமாகப் பாய்ந்து தாக்குவதை விளக்க, அவர் எழுந்து பின்னாலேயே ஓடிக் காட்டினார். மேசை சாய்ந்தது. காபி முழுக்க மாப்பிள்ளையின் அப்பா சட்டையில். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சம்பந்தம் கை நழுவியது என்றே அவர் நினைத்தார்.

வந்தவரோ சட்டையைத் துடைத்தபடி, "பின்னால ஓடினா எப்படிங்க குறி பாக்கும்?" என்று கேட்டார்.

"குறி எதுக்கு சம்பந்தி? உடம்பெல்லாம் ஊசியாச்சே."

வந்தவர் அசந்துபோனார். அதுவரை வாயே திறக்காத அவர் மனைவி, "எனக்கென்னவோ பூனைதான் உசத்தி," என்றாள். பிறகு நால்வரையும் பிடிக்க முடியவில்லை. பிள்ளைகள் இருவரும் சமையலறையில் நின்று கல்யாணத் தேதியைத் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள்.

கல்யாணமும் நடந்தது. கட்சிக்கு இரண்டு பேர், சமம். மகள் இந்தப் பேச்சுக்கே வரமாட்டாள்; மீதி இருந்தது மாப்பிள்ளையின் ஓட்டு. மாமியார் விழுந்து விழுந்து உபசரித்தாள். மாமனார் அவனுக்கென்று உதிர்ந்த முள்ளாகப் பொறுக்கி வைத்தார். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் மாமா," என்றான் அவன்.

அவன் போன பிறகு இருவருக்கும் சோறு இறங்கவில்லை. இப்படி ஒருத்தனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று அவள் கேட்டாள். அவள் சொன்னது சரி என்று அவர் முதல் தடவையாக ஒப்புக்கொண்டார்.