அலமாரியில் சாய்த்த பேஸ் கிட்டார்

நாற்பத்தாறு வயதில் என் முதல் இசைக்கருவியை வாங்கினேன். யாரோ வாசித்துப் பழகிய பேஸ் கிட்டார். பாட்டுக்கு அடியில் முழங்கி நெஞ்சை அதிரவைக்கும் அந்தச் சத்தத்தின்மேல் எனக்கு அப்படியொரு ஆசை!

விற்றவள் கிளமெண்டியில் தங்கிப் படிக்கும் தமிழ்ப் பெண். “வாசிப்பீங்களா அங்கிள்?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் நல்லா வாசிப்பேன்மா” என்று கூசாமல் பொய் சொன்னேன்.

சிராங்கூனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து கம்பியைச் சுண்டினால், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது போலிருந்தது. ‘சத்தமே வரலை. ஏமாத்திட்டியேம்மா’ என்று உடனே அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.

மறுநாள் முகவரி கேட்டுக்கொண்டு அவளே வீட்டுக்கு வந்துவிட்டாள். “ஸ்பீக்கர் எங்க அங்கிள்? அதுல மாட்டினாதான் சத்தம் வரும் லா.”

நான் விழித்த விழிப்பில் அவளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். ‘நல்லா வாசிப்பேன்னு சொன்னீங்களே’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிட்டாரின் தலைப்பகுதியை என் மர அலமாரியில் அழுத்திப் பிடித்தாள். “ஸ்பீக்கர் வாங்குற வரைக்கும் இப்படி வாசிங்க. இப்ப அடிங்க.”

அடித்தேன். அலமாரியே உறுமியது! உள்ளே ஹேங்கர்கள் கிணுகிணுத்தன. என் நெஞ்செல்லாம் அதிர்ந்தது.

“மன்னிச்சிரும்மா” என்றேன். சிரித்துக்கொண்டே லிஃப்டுக்குப் போய்விட்டாள். ‘ஏமாத்திட்டியேம்மா’ என்று அனுப்பிய அந்தச் செய்தியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஆனால் அன்று கை சும்மா இருக்கவில்லை. உடுப்புகளை எல்லாம் வாரிக் கட்டிலில் போட்டேன். காலி அலமாரி இன்னும் ஆழமாக முழங்கியது. வேலை முடிந்து வந்த மனைவி திகைத்து நின்றாள்.

“என்னங்க பண்றீங்க?”

“கதவுல காதை வச்சுக் கேளேன்!”

வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னொரு தடவை அடிங்க” என்றாள்.

உடுப்புகள் இரண்டு நாள் கட்டிலிலேயே கிடந்தன.