212-ஆம் எண் பொட்டலம்

பட்டம் வாங்கிய கையோடு, எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி என்ற மிதப்போடு, மூன்று மாதப் பயிற்சிக்காக அந்த ஆய்வகத்துக்குப் போனேன். கதவைத் திறந்ததும் ஒரு குரல்: "செருப்ப வெளிய விடு தம்பி. சேறு வேணும்னா இலையிலயே வண்டி வண்டியா வருது." அதுதான் உரல் அக்கா. பழகப் பழக அவர் சொன்னதும், கண்ணால் பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கதை.

அக்காவின் வேலை அரைப்பது. மழைக்காட்டு மரங்களின் இலைகளைத் திரவ நைட்ரஜனில் விறைக்கவைத்து, பீங்கான் உரலில் பொடித்து, டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க வேண்டும். அதை ஒப்பிட்டால் எந்த மரம் எதற்குப் பங்காளி, எது ஒட்டும் உறவும் இல்லாத அந்நியம் என்று தெரிந்துவிடும். எட்டு வருடமாகத் தற்காலிகப் பணியில் இருந்தார். நிரந்தர ஆணை ஆய்வகத் தலைவரின் மேஜைக்கு வந்து, கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அப்போதுதான் 212-ஆம் எண் இலைப் பொட்டலம் வந்து சேர்ந்தது. காட்டில் அந்த வகையில் இருந்தது ஒரே ஒரு மரம். இலை பறித்த மறுவாரமே புயலில் சாய்ந்துவிட்டது. அது எந்தக் குடும்பம் என்பதுதான் மொத்த ஆராய்ச்சியின் கேள்வியே. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வரவேண்டிய இலைகளை, மணி தீர்ந்துபோனதால், காட்டில் சேகரித்தவர்கள் ஈரக் காகிதத்தில் சுற்றி பிளாஸ்டிக் பையில் அனுப்பியிருந்தார்கள். பையைத் திறந்ததும் செத்த எலி நாற்றம். இலை இருந்த இடத்தில் கருப்புக் கூழ், அதில் நெளியும் வெள்ளைப் புழு. மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று தடவை அரைத்தார். மூன்று தடவையும் குழாயில் சளி போலக் கொழகொழவென்று நின்றதே தவிர, டிஎன்ஏ வரவில்லை. பதிவேட்டில் மையால் எழுதினார்: '212 – அழுகியது. கிடைக்கவில்லை.'

தலைவர் பிஸ்கட்டை மென்றுகொண்டே வந்தார். பதிவேட்டின் மேல் தூள் கொட்டியது.

"ஏம்மா, நம்ம பின்தோட்டத்துல நிக்குதே பெரிய மரம், அதுல ரெண்டு இலை பறிச்சு அரைச்சிடேன். இதுவும் அந்தக் குடும்பமாத்தான் இருக்கும்."

"அந்தக் குடும்பமா இல்லையான்னு பாக்கத்தானே சார் இவ்வளவு பாடு? காணாமப் போன புள்ளைக்குப் பதிலா பக்கத்து வீட்டுப் புள்ள ரத்தத்தக் குடுத்துட்டு, பாத்தியா இவன் பக்கத்து வீட்டுப் புள்ளதான்னு சொல்ற மாதிரி இருக்கே!"

தலைவர் சிரித்தார். பல்லிடுக்கில் பிஸ்கட் மாவு. "நல்லா பேசுற. அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சிடு. உன் ஆர்டரும் என் மேஜையிலதான் இருக்கு, மறந்துடாத."

அக்கா பதிவேட்டின் மேலிருந்த தூளைத் தட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். புழுவைத் தொட்டபோதுகூட அப்படிக் கழுவவில்லை.

பக்கத்து மேஜைக்காரன் ஐஸ்பெட்டி. மாதிரி வைக்கும் பெட்டியில் தன் சாப்பாட்டையும் வைப்பதால் வந்த பட்டம். அவன் மெல்ல நகர்ந்து வந்தான். "விடுங்கக்கா. செத்த மரம் எழுந்து வந்து கேஸா போடப் போகுது?"

"மரம் போடாதுடா. எட்டு வருஷமா அரைச்ச எனக்குத் தெரியுமே. நாளைக்கு 211-ஐயும் 213-ஐயும் எவன் நம்புவான்?"

"நீங்க செய்யலன்னா வேற ஆளா கெடைக்காது?"

"கெடைக்கும். எதிர்லயே நிக்குதே."

அவன் காது சிவந்தது. ஆனாலும் மதியமே தோட்டத்துப் பக்கம் போய், இரண்டு இலையோடு வந்தான். அக்கா பக்கத்தைக் கிழிக்க மறுத்துவிட்டார். கடைசியில் தலைவரே கிழித்தார், அதுவும் அக்காவின் கண்ணெதிரிலேயே, பொட்டலம் பிரிக்கிற மாதிரி.

விஷயம் தெரிந்ததும் கணவர் பொங்கினார். "ஒரு இலைக்காக வீட்டு அடுப்புல தண்ணி ஊத்திட்டியே!" அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததுதான் கூடுதல் கசப்பு.

ஆணை ஐஸ்பெட்டி பெயருக்கு மாறியது. சில மாதத்தில் கட்டுரை அச்சாகி, மரங்களின் வம்சாவளிப் படம் பெரிதாக அறிவிப்புப் பலகையில் தொங்கியது. அதில் 212, தோட்டத்து மரத்தோடு கூடப்பிறந்ததாக ஒரே கிளையில் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு எப்படி நிற்கும்? கேக் வெட்டினார்கள். ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டிய ஐஸ்பெட்டியிடம், "நீயே தின்னு, உனக்குத்தான் செரிக்கும்" என்று சொல்லிவிட்டு, அன்றே ராஜினாமாவை எழுதிக் கொடுத்தார்.

பதிவேட்டில் '212 – அழுகியது' என்ற பக்கம் இருந்ததாக, கட்டுரையை அச்சிட்ட பத்திரிகைக்கு ஒரு கடிதமும் அனுப்பினார். பதில் வரவில்லை. உரல் அக்கா இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், காலை ஆறு மணியிலிருந்து குழாய்களுக்கு எண் ஒட்டுகிறார். அதுவும் தற்காலிக வேலைதான்.