ராமாயிக்கு உயிர் உண்டா?

செல்லக்கண்ணு தாய் தகப்பன் இல்லாமல் புதுச்சேரிக் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். 1936இல் பாகூருக்குத் தெற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குச் சின்ன வகுப்பு வாத்தியாரம்மாவாக வந்தாள். பள்ளியில் யாரும் சேரலாம் என்பது பிரஞ்சு சர்க்கார் சட்டம். சேரிப் பிள்ளைகள் கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில்தான் உட்காரவேண்டும் என்பது ஊர்ச் சட்டம். ராமாயி என்ற ஆறு வயதுப் பெண் அப்படித்தான் நிலைப்படிக்கு அப்பால் குந்தியிருந்து பாடம் கேட்டாள்.

அன்று உயிருள்ளவை, உயிரற்றவை பாடம். செல்லக்கண்ணு ஒரு முறத்தில் கூழாங்கல், நத்தை, ஆணி, வேப்பங்கன்று எல்லாம் கொண்டுவந்திருந்தாள்.

“மாட்டு வண்டி ஓடுதே, அதுக்கு உசுரு இருக்கா?”

“இருக்கு!” என்று கத்தினார்கள்.

“அப்ப அது வைக்கோல் தின்னுமா? குட்டி போடுமா?”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “இப்ப உங்க கண்ணுக்குத் தெரியிற உசுருள்ளது ஒண்ணு சொல்லுங்க” என்றாள். காக்கா என்றது ஒன்று. ஓணான் என்றது இன்னொன்று. ஒரு பையன் வாசலைக் காட்டி, “ராமாயி” என்றான்.

பண்ணைக்காரர் அரங்கநாதனின் மகள் அமுதம் தலையை ஆட்டினாள். “இல்ல, அதுக்கு உசுரு இல்ல.”

“ஏன்டி அப்படிச் சொல்ற?”

“பெரியப்பா செத்தப்ப பொணத்தத் தொட்டவங்க எல்லாரும் குளிச்சாங்க. ராமாயியத் தொட்டாலும் குளிக்கணும்னு அம்மா சொல்லுது. மாட்டத் தொட்டா குளிக்கத் தேவல. அப்ப அது செத்ததுதானே?”

குழந்தை துடுக்காகச் சொல்லவில்லை. யோசித்துச் சொன்னாள். மற்ற பிள்ளைகளில் சிலர் ஆமாம் என்பதுபோலப் பார்த்தார்கள். வெளியே ராமாயி தன் உள்ளங்கையை மூக்குக்கு நேரே வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைக் கண்டதும் செல்லக்கண்ணுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ராமாயியைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தாள். அமுதத்தின் கையை எடுத்து ராமாயியின் நெஞ்சில் வைத்தாள்.

“இன்னா தெரியிது?”

“துடிக்குது, வாத்தியாரம்மா” என்றாள் அமுதம் ஆச்சரியத்தோடு. ராமாயிக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அமுதமும் சிரித்தாள்.

மறுநாள் காலை அரங்கநாதன் பள்ளி வாசலில் நின்றார்.

“எம் பொண்ணு கையப் புடிச்சி அது மேல வெச்சியாமே? நீ யாரு?”

“வாத்தியாரு. உங்க பொண்ணு உசுரோட இருக்கிற கொழந்தையப் பொணம்னு நெனச்சிக்கிட்டு இருந்துச்சி. அத வூட்டுல கத்துக்குடுத்தீங்க. நான் திருத்தினேன்.”

“வாய் நீளுது. உன்ன இந்த ஊர்ல வெக்கிறதா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொண்டார். அவர் புகாரை விசாரிக்க வந்த அதிகாரி, பள்ளிச் சுவரில் பிரஞ்சு மொழியில் எழுதியிருந்த ‘சமத்துவம்’ என்ற சொல்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, “சட்டப்படி தப்பில்லை, ஆனால் ஊர் அமைதி என்று ஒன்று இருக்கிறதே” என்றார்.

“அந்தக் கொழந்தைய வெளியே உக்கார வெச்சப்ப யாருக்குப் போச்சு அந்த அமைதி?” என்று கேட்டாள் செல்லக்கண்ணு. அவளுக்கு மண்ணாடிப்பட்டுப் பக்கம் மாற்றல் வந்தது.

ராமாயியின் தாய் சின்னபொண்ணுவை அரங்கநாதன் நடவுக்கு வரவேண்டாம் என்றுவிட்டார். அவள் செல்லக்கண்ணுவிடம் வந்து, “அது வெளியவே குந்தியிருக்கட்டும்னு விட்டிருக்கலாமே, தாயி. இப்ப சோத்துக்கு இன்னா பண்றது?” என்று அழுதாள். அந்த அழுகைதான் செல்லக்கண்ணுவை அதிகம் சுட்டது. எரிச்சலை அவளிடம் காட்ட மனசு வரவில்லை.

“நான் போற ஊர்ல கரும்பு வெட்டு நடக்குது. என்னோட வந்துடு” என்றாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, சட்டிபானையோடு ராமாயியையும் கூட்டிக்கொண்டு சின்னபொண்ணு வந்தாள்.

புதிய பள்ளியில் முதல் நாளே ராமாயியை முன்வரிசையில் உட்காரவைத்தாள். மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்தின. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் அனுப்பினார்கள். ராமாயி அங்கே எழுதப் படிக்கக் கற்றாள்.

அமுதத்தை மட்டும் அதன்பிறகு அரங்கநாதன் எந்தப் பள்ளிக்கும் அனுப்பவில்லை என்று பாகூர்ச் சந்தைக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்ட அன்று செல்லக்கண்ணு சாப்பிடவில்லை. “அன்னிக்கு வகுப்புல ஒழுங்கா யோசிச்சது அது ஒண்ணுதான்யா! அதப் போயி அடுப்படியில பூட்டி வெச்சிட்டான்!” என்று, சேதி சொல்ல வந்தவர் மேலேயே சீறி விழுந்தாள்.